மாசிப் பனியும் தொட்டி மரங்களும்

உறைபனி மேலிருந்து விழுவதில்லை. காற்றசையாத, மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்திடம் இழந்துகொண்டே போகிறது. அதன் மேற்பரப்பு 0 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், காற்றில் உள்ள நீராவி அந்த இடத்திலேயே பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. அதிகாலையில் இலைமேல் தெரியும் வெள்ளைப் பூச்சு அதுதான். தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்நுனித் துளிக்கும், மலை மூடும் மூட்டத்துக்கும், மார்கழிக் குளிருக்கும் பொதுவாக வழங்குகிறது. மலைக்காரர்கள் மட்டும் பிரித்துச் சொல்வார்கள்: துளியாக நிற்பது நீர்ப்பனி, கட்டியாகப் படிவது உறைபனி. செடி வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். நீர்ப்பனி செடிக்குத் தீங்கு செய்வதில்லை. பின்னால் விளங்குவதுபோல ஓரளவு உதவவும் செய்கிறது.

போடிநாயக்கனூர் நகரில் உறைபனி கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில், மலையின் காலடியில் இருக்கும் ஊர் அது. ஆனால் அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை போடிமெட்டில் ஏறத்தாழ 1,400 மீட்டரைத் தொடுகிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சின்னக்கானல், தேவிகுளம், மூணாறு. சூரியநெல்லி வழியாக ஜீப்பில் ஏறினால் வரும் கொழுக்குமலை 2,000 மீட்டருக்கும் மேலே உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். போடியில் 17 டிகிரியாக இருக்கும் தை மாத விடியல், போடிமெட்டில் பத்தை ஒட்டி இருக்கும். கணக்கு அத்துடன் முடிந்தால் இந்த மலைகளில் 0 டிகிரியை எட்டவே வழியில்லை. ஆனால் 2019 ஜனவரியில் மூணாறைச் சுற்றிய எஸ்டேட்டுகளில் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரி வரை இறங்கியது. தேயிலைச் செடிகள் கருகின. உயரம் சொல்லும் கணக்குக்கும் விடியலில் காணும் உறைபனிக்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கதிர்வீச்சு.

சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை வெளியிட்டபடியே இருக்கிறது. 0 டிகிரியில் உள்ள இலை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 315 வாட் வெளியேற்றும். மேகம் மூடிய இரவில் வானம் ஏறக்குறைய அதே அளவைத் திருப்பி அனுப்பிவிடும். மேகமற்ற, வறண்ட இரவில் திரும்பி வருவது அதைவிட வெகுவாகக் குறைவு. பகலில் வெயில் கொடுத்த சூட்டை இரவு முழுக்க வானம் இப்படிக் கறந்துகொண்டே இருக்க, இலை தன்னைச் சுற்றிய காற்றைவிடவே இரண்டு, மூன்று டிகிரி குளிர்ந்துவிடுகிறது. வராந்தாவில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையில் முற்றத்துப் புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான்.

இந்தியாவில் இதை வைத்துப் பனிக்கட்டியே தயாரித்திருக்கிறார்கள். 1775-ல் ராபர்ட் பார்க்கர் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய குறிப்பில், அலகாபாத்தில் பனிக்கட்டி எடுக்கும் முறையை விவரிக்கிறார். திறந்த வெளியில் ஆழமில்லாத குழி வெட்டி, அதில் கரும்புச் சக்கையும் சோளத் தட்டையும் பரப்பி, அதன்மேல் சிறிய மண்சட்டிகளை வரிசையாக வைத்து, அந்தியில் நீர் ஊற்றிவிடுவார்கள். காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலும் விடிவதற்குள் சட்டிகளில் பனிக்கட்டி கட்டியிருக்கும். தட்டை, தரையின் சூடு சட்டிக்கு ஏறாமல் தடுத்தது. நுண்துளை மண்சட்டி கசிந்து ஆவியாகிக் குளிர்ந்தது. மீதியை வானம் பார்த்துக்கொண்டது. புல்தரைமேல் அல்லது மர ஸ்டாண்டின்மேல் திறந்த வெளியில் வைத்த மண்தொட்டியின் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். அலங்கார மரத்தை வளர்ப்பவர் அறியாமலேயே பனிக்கட்டிப் பட்டறை ஒன்றை அமைத்து, அதன் நடுவே செடியை வைத்துவிடுகிறார்.

பாலக்காட்டில் பிறந்து சி.வி.ராமனிடம் பயின்ற எல்.ஏ.ராமதாஸ், எஸ்.ஆத்மநாதனுடன் சேர்ந்து 1932-ல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்னொரு நுட்பத்தைக் காட்டியது. இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரையை ஒட்டியே இருக்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். தெளிந்த, அசைவற்ற இரவில், வெறும் மண்தரைக்கு மேலே சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுதான் தரையைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். முதலில் நம்ப மறுத்தவர்கள் பலர். அந்த அடுக்குக்கு இன்று ராமதாஸ் அடுக்கு என்று பெயர். பிற்காலத்தில் பெங்களூரில் ரொத்தம் நரசிம்மா உள்ளிட்டோர் அதற்குக் கதிர்வீச்சின் வழியாக விளக்கம் தேடினார்கள். முழங்கால் உயரத் தொட்டி மரத்தின் தலை பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மூணாறு பக்கம் முதலில் வெளுப்பவை தாழ்ந்த சதுப்பு நிலங்களும் ஓடைக்கரைத் தேயிலையும். அதே மலையின் நடுச்சரிவு தப்பிவிடும். அதனால் ஒரு பங்களாவுக்குள்ளேயே முற்றத்தின் தாழ்ந்த மூலைக்கும் படிக்கட்டின் மேல் தளத்துக்கும் ஓரிரண்டு டிகிரி வித்தியாசம் வரலாம். கீழ்ப்புறம் அடர்ந்த வேலியோ மதிலோ இருந்தால் வழியும் குளிர் அங்கே அணைகட்டியதுபோல் நிற்கும். வேலியின் அடியில் காற்று வெளியேற இடைவெளி விடுவது, செலவில்லாத ஒரு பாதுகாப்பு.

ஏலத்தோட்டத்துக்காரருக்கு இவை புதிதாகத் தோன்றாது. ஏலக்காய்ச் செடி காட்டு மரங்களின் நிழலில் வளர்வது. அந்த நிழலை வெயிலுக்கான குடையாக மட்டுமே கருதுவது பாதி உண்மை. இரவில் அதே கிளைவிரிப்பு, வானத்துக்கும் செடிக்கும் நடுவே நின்று, செடி வெளிவிடும் சூட்டின் பெரும்பங்கைத் திருப்பித் தருகிறது. மரத்தின் இலைகள் காற்றின் வெப்பநிலையை ஒட்டி இருக்கின்றன. தெளிந்த வானமோ அதைவிட எவ்வளவோ குளிர்ந்தது. செடியைப் பொறுத்தவரை எதைப் 'பார்த்து' நிற்கிறது என்பதே விஷயம். தோட்ட மரங்களை மழைக்கு முன்பு, வைகாசி வாக்கில் கவாத்து செய்து வெளிச்சம் விடுவது வழக்கம். ஆகவே பனிக்காலத்தில் கூரை மறுபடி அடர்ந்திருக்கும். வெட்டவெளியில் தேயிலை கருகும் விடியலில் மரத்தடி ஏலச்செடி தப்புவதில் இந்தக் கூரைக்குப் பெரும் பங்கு உண்டு.

செடிக்குள் நடப்பது என்ன? பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, செல்களின் இடைவெளியில் உருவாகிறது. அது செல்லுக்குள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொண்டே வளர்கிறது. செல் சுருங்கி வறள்கிறது. ஓரளவு வறட்சியைச் செல் தாங்கும். வரம்பு மீறினால் அதன் சவ்வு கிழிந்து, வெயில் ஏறியதும் இலை நனைந்த காகிதம்போல் துவண்டு, பிறகு கருகும். சுத்தமான நீர் 0 டிகிரியில் உறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தூண்ட ஒரு கருப்பொருள் இல்லாவிட்டால் மைனஸ் சில டிகிரி வரை நீராகவே நிற்கும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்ற பாக்டீரியாக்கள் அந்தக் கருவாகி, மைனஸ் 2 டிகிரியிலேயே உறைதலைத் தொடங்கி வைக்கின்றன. வெப்பமண்டலச் செடிகளுக்கு உறையும் அளவுக்குக் குளிர்கூட வேண்டாம். குரோட்டன், மணி பிளாண்ட் போன்றவை 10 டிகிரிக்குக் கீழ் சில இரவுகள் நின்றாலே இலை மங்கிக் கொட்டத் தொடங்கும்.

குளிர் மெல்ல மெல்ல வந்தால் செடி பழகிக்கொள்கிறது. செல்லில் சர்க்கரை கூடுகிறது, சவ்வின் கொழுப்பு மாறுகிறது, வளர்ச்சி நிற்கிறது. மார்கழியில் மைனஸ் 2 டிகிரியைத் தாங்கிய மரம் மாசியில் அதே குளிரில் கருகுவது இந்தப் பழக்கம் கலைந்துவிடுவதால். தை பிந்தியதும் பகல் வெயில் சூடேறுகிறது. செடி பனி முடிந்தது என்று கருதித் தளிர் விடுகிறது. புதுத் தளிரில் நீர் மிகுதி, சர்க்கரை குறைவு, தோல் மெல்லியது. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்ற சொலவடை வெப்பமானியின் கணக்கோடு ஒத்துப்போகாது. குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் மார்கழி, தையிலேயே பதிவாகிறது. தளிரின் கணக்கோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. மாசியில் காற்றும் வறண்டிருக்கும். ஈரக்காற்றில் நீர்ப்பனி படியும்போது ஒவ்வொரு துளியும் சிறிது சூட்டை விட்டுச் செல்லும். அதனால் குளிர்ச்சி மெதுவாகும். வறண்ட இரவில் அந்தத் தடை இல்லை. இலை உறைநிலைக்குக் கீழே போனாலும் வெள்ளையாக எதுவும் படியாமல், காலையில் பார்க்கப் பச்சையாகவே இருந்து, மதியம் கருத்துப் போகும். கரும்பனி எனத் தகும் இதுவே அதிகம் ஏமாற்றுவது.

நிலத்தில் நிற்கும் மரத்துக்கு அடியில் பெரிய சூட்டுச் சேமிப்பு உண்டு. தொட்டி மரத்துக்கு அது அற்றுப் போகிறது. தொட்டி சிறிதாக ஆக நிலைமை மோசமாகும். 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 21 லிட்டர் மண் கொள்ளும். அளவைப் பாதியாக்கினால் மண் எட்டில் ஒன்றாகிவிடும். சூட்டை இழக்கும் புறப்பரப்போ நான்கில் ஒன்றாக மட்டுமே குறையும். போன்சாய்த் தட்டுகள் இதில் கடைக்கோடி. இந்த மலைகளில் உறைபனி சில மணி நேரமே நீடிப்பதால் பெரிய தொட்டிக்குள் வேர் முழுக்க உறைவது அரிது. நேர்வது வேறொன்று: விடிந்ததும் வெயில் இலையைத் தொடுகிறது, இலை நீர் கேட்கிறது, குளிர்ந்து கிடக்கும் வேர் கொடுக்க மறுக்கிறது. கருகலில் ஒரு பங்கு பனியின் வேலை, ஒரு பங்கு இந்தத் தாகத்தின் வேலை. கிழக்கு வெயில் நேராக அடிக்கும் இடத்தைத் தவிர்க்கச் சொல்வதன் காரணமும் இதுவே.

எல்லாத் தொட்டிகளையும் ஒரே அளவு கவலையோடு பார்க்க வேண்டியதில்லை. கமேலியா, அசேலியா, தூஜா, சைப்ரஸ், ஜப்பானிய மேப்பிள் ஆகியவை குளிர்நாட்டுப் பிறவிகள்; இவற்றுக்கு ஆபத்து மொட்டிலும் தளிரிலும் மட்டுமே. எலுமிச்சை, ஆரஞ்சு, காகிதப்பூ நடுத்தரம். வெள்ளால், இச்சி போன்ற ஆல் இனங்கள், ஈழத்தலரி, குரோட்டன் ஆகியவை சமவெளிச் செடிகள். இதில் மிகப் பொதுவான தவறு இடமாற்றம். போடியிலோ பெரியகுளத்திலோ நர்சரியில் வளர்ந்த செடியைத் தை மாதத்தில் ஜீப்பில் ஏற்றி அன்று மாலையே 1,500 மீட்டருக்கு மேல் இறக்கி வைத்தால், அது குளிருக்குப் பழக ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை. ஐப்பசிக்கு முன் மேலே கொண்டுபோன செடி, படிப்படியாகக் கூடும் குளிரோடு சேர்ந்தே உரம்பெறும்.

பாதுகாப்பில் முதல் வேலை இடம் மாற்றுவது. தொட்டிக்கு உள்ள ஒரே அனுகூலம் அதைத் தூக்கிவிடலாம் என்பது. அதைப் பயன்படுத்தாமல் துணி தேடுவது வீண் உழைப்பு. வராந்தாவின் ஓரம், ஓட்டுச் சாய்ப்பு, அடர்ந்த மரத்தடி ஆகிய எதுவும் வானத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். தெற்கும் மேற்கும் பார்த்த கருங்கல் சுவர் பகல் சூட்டை இரவில் திருப்பித் தரும். ஏலக்காய் உலர்த்தும் கூடம் இருக்கும் தோட்டத்தில், அடுப்பு எரியும் இரவுகளில் அதன் வெளிச்சுவர் நல்ல அண்டை. புல்தரை வேண்டாம், புல் பார்க்கரின் சோளத் தட்டைபோல மண்ணின் சூட்டை அடியிலேயே மறித்துவிடும். சிமெண்ட் தளமோ ஈரமான வெறும் மண்ணோ மேல். தொட்டிகளை நெருக்கி வைத்து, சிறியவற்றை நடுவிலும் பெரியவற்றை வெளிவட்டத்திலும் நிறுத்தி, இடைவெளியில் சருகோ மரத்தூளோ நிரப்பினால் புறப்பரப்பு குறைந்துவிடும். நகர்த்த முடியாத பெரிய தொட்டியைக் கழுத்து வரை மண்ணில் புதைக்கலாம்.

அடுத்தது மூடுவது. 1814-ல் பனித்துளியைப் பற்றி நூல் எழுதிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர், தோட்டக்காரர்கள் மெல்லிய பாயால் செடியை மூடுவதைப் பார்த்து முன்பு தாம் நகைத்ததை அதில் ஒப்புக்கொள்கிறார். அத்தனை மெல்லிய பாய் குளிரைத் தடுக்குமா என்பது அவர் சந்தேகம். பிறகு ஒரு கைக்குட்டையை நான்கு குச்சிகளில் புல்லுக்கு மேலே விரித்துக் கட்டி அளந்தபோது, அதனடியில் இருந்த புல் அக்கம்பக்கத்துப் புல்லைவிடப் பல டிகிரி சூடாக இருந்தது. துணி சூடு தரவில்லை. வானத்தை மறைத்தது, அவ்வளவுதான். உதகமண்டலத்தில் 1848-ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகள்மேல் 'மிலார்' என்கிற காட்டுச் செடிக் கிளைகளை வேய்வதும் இதே தத்துவம்.

போடி மலைகளில் இதற்குப் பொருள் பஞ்சமில்லை: பழைய சாக்கு, கோரைப்பாய், கீழிருந்து கொண்டுவரும் தென்னங்கீற்று, மேலே கிடைக்கும் பெரணி. நான்கு கழி நட்டு, இலையைத் தொடாமல் மேலே விரித்து, ஓரங்களைத் தரை வரை இறக்க வேண்டும். மரத்தின் தலையை மட்டும் மூட்டைபோல் சுற்றிக் கழுத்தில் கட்டுவது பலர் செய்யும் தவறு. அப்போது மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளே வர வழியின்றி வெளியே போகிறது. நேரமும் முக்கியம். மாலை நான்கு, நாலரைக்கே மூடினால் பகல் சூடு உள்ளே அடைபடும். இரவு ஒன்பதுக்கு மூடினால் குளிரைத்தான் அடைத்து வைக்கிறோம். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். மெல்லிய பாலித்தீன் தாள் காற்றைத் தடுத்தாலும் அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியை ஊடே விட்டுவிடும். அதைத் தொடும் இலை முதலில் கருகும். கடையில் எளிதில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல அதிகமில்லை. வேறு வழியில்லையென்றால் சாக்குக்கு மேலே இரண்டாம் அடுக்காகப் போடலாம்.

நீரைப் பற்றி இரண்டு வேறு செய்திகள் குழம்பிக் கிடக்கின்றன. ஈர மண் உலர்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேமித்து, ஆழத்திலிருந்து மேலே கடத்தியும் தரும். எனவே பனி எதிர்பார்க்கும் நாளின் முற்பகலிலேயே தொட்டிக்கு நீர் விடுவது சரி. அந்தியில் இலையை நனைப்பது தவறு. இரவு முழுக்கத் தெளிப்பது இதிலிருந்து வேறுபட்ட உத்தி: ஒரு லிட்டர் நீர் உறையும்போது 334 கிலோ ஜூல் சூட்டை வெளிவிடும், அது இலையை 0 டிகிரியிலேயே பிடித்து வைக்கும். ஆனால் ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,500 கிலோ ஜூல் வேண்டும். தெளிப்பு நடுவில் நின்றால் ஆவியாதல் முந்திக்கொண்டு, தெளிக்காத செடியைவிட மோசமாகக் குளிரச் செய்யும். தேயிலைக் காட்டுக்குப் பயன்படும் அந்த முறை தொட்டி மரத்துக்கு ஒத்துவராது. மண் சேறாகும், பனிக்கட்டிப் பாரத்தில் கிளை முறியும். வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் படிந்த பனியைக் கரைப்பது புல்வெளிகளில் வழக்கம். தொட்டிக்கும் அது தேவைப்பட்டால், சாதாரணக் குழாய் நீரே போதும், வெந்நீர் கூடாது.

சருகைக் குவித்துப் புகை மூட்டினால் பனி விலகும் என்ற நம்பிக்கை பழையது. புகைத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவின. தரை வெளிவிடும் கதிரின் அலைநீளமோ பத்து மைக்ரான் அளவு. அலை புகையை ஊடுருவிப் போய்விடும். நெருப்பின் சூடு சிறிது உதவும், புகை உதவாது. விடிந்தபின் வெயிலைத் தாமதப்படுத்துவது மட்டும் அதன் மிச்சப் பயன். மூடிய சாய்ப்புக்குள் 60 வாட் இழை பல்பு ஒன்று எரிந்தால் அதைவிடப் பயன் உண்டு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, சூடு தருவது சொற்பம்.

எந்த இரவில் மூடுவது? பனிக்காலம் முழுக்கத் தினமும் மூடுவது செடிக்கும் நல்லதல்ல, ஆளுக்கும் கட்டுப்படியாகாது. மாலையில் காற்று ஓய்ந்து, மேகம் ஒன்றும் இல்லாமல், சூரியன் இறங்கியதும் வெப்பம் சட்டென்று விழுந்தால் அது அறிகுறி. இரவு எட்டு மணிக்கே 7 டிகிரிக்குக் கீழே போய்விட்டதென்றால் காத்திருக்க வேண்டாம். குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை, வராந்தாவில் அல்லாமல், தொட்டி மரத்தின் உயரத்தில் திறந்த வெளியில் வைத்துச் சில வாரம் குறித்துவந்தால், அந்த முற்றத்துக்கே உரிய கணக்கு கிடைத்துவிடும். வானிலை அறிக்கையின் எண்ணைவிட அது பயன்படும். அறிக்கையின் எண் சற்றேறக்குறைய ஆளுயரத்தில், கூண்டுக்குள், வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டது.

புரட்டாசிக்குப் பிறகு தழைச்சத்து உரம் கொடுத்தால் இளந்தளிர் பனியில் மாட்டும். கவாத்தும் அப்படியே, வெட்டிய இடத்தில் புதுத் துளிர் வரும். கருகிவிட்ட மரத்தை உடனே வெட்டிச் சீர்செய்யும் அவசரம் மிகப் பரவலானது, மிகக் கெடுதலும் அதுவே. கருகிய இலையும் குச்சியும் அடுத்த பனி இரவில் அடியிலுள்ள உயிர்க்கிளைக்குப் போர்வையாகும். மரம் எதுவரை செத்திருக்கிறது என்பதும் அப்போது தெரியாது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கலாம்: உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கிளை உயிரோடிருக்கிறது, பழுப்பும் உலர்வும் இருந்தால் இல்லை. புதுத் துளிர் தெரியும்வரை உரம் வேண்டாம், தொட்டி மாற்ற வேண்டாம், மண் காய்ந்தால் மட்டும் நீர். பங்குனி முடிந்து கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் மொட்டுக்கள் எங்கே வெடிக்கின்றன என்பது தெளிவாகும். அதற்கு ஒரு விரல் மேலே, உயிருள்ள பச்சை வரை வெட்டினால் போதும்.